காந்தக் கண்ணிவெடி: கடற்படைக்காரர்களுக்கு ஊர் நடுவில் என்ன வேலை?

இரண்டாம் உலகப் போரில் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்ததற்காக பிரிட்டனில் வீரப்பதக்கம் பெற்றவர்களின் பட்டியலைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். கடற்படையினரின் பெயர்கள் அடுத்தடுத்து வரும். ஆனால் அவர்கள் அந்த வேலையைச் செய்த இடங்கள் கடலில் இல்லை. லண்டனில் ஒரு வீடு, டேகனத்தில் ஒரு கிடங்கு, லிவர்பூலில் ஓர் எரிவாயுத் தொட்டி. கப்பலில் இருக்க வேண்டியவர்கள் ஊருக்குள் ஏன் வந்தார்கள்?

இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் காந்தக் கண்ணிவெடி என்ற ஆயுதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், காந்தம் கப்பலின் இரும்பை இழுக்கும், வெடி போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெடிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடியும் உண்டுதான். முக்குளிப்பவர்கள் கையால் கொண்டுபோய்க் கப்பலின் அடிப்பக்கம் பொருத்துகிற அதற்கு லிம்பெட் என்று பெயர். நாம் பேசப்போவது வேறு. இது கப்பலை இழுப்பதும் இல்லை, தொடுவதும் இல்லை. கடலடியில் படுத்தபடியே, தலைக்கு மேல் கப்பல் போவதைத் தெரிந்துகொள்ளும்.

முட்டினால் வெடிக்கும் பழைய வகை

முதலில் பழைய வகையைப் பார்த்துவிடலாம். படங்களில் நாம் பார்த்த, கொம்புகள் முளைத்த இரும்புப் பந்து அதுதான். கடலடியில் ஓர் எடைக்கல், அதிலிருந்து ஒரு கம்பிவடம், வடத்தின் நுனியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும் பந்து. கொம்பு ஈயத்தால் ஆனது. அதற்குள் அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய். கப்பல் முட்டினால் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் மின்கலத்துக்குள் பாயும், மின்சாரம் பிறந்து வெடி கிளம்பும். 1917-இல் ஜெர்மானிய 'வோல்ஃப்' கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே போட்டுவிட்டுப் போனவை இப்படிப்பட்டவைதான். வொர்செஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் அவற்றில் சிக்கி மூழ்கின.

இந்த வகைக்கு மாற்று தெரிந்திருந்தது. கண்ணிவாரிக் கப்பல்கள் ஒரு கம்பியை நீருக்குள் இழுத்துச் சென்று வடத்தை அறுக்கும். பந்து மேலே மிதந்து வரும். தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுட்டு அதைத் தீர்த்துவிடுவார்கள்.

1939 நவம்பரில் இந்த வழி பலிக்கவில்லை. வாரி முடித்த, பாதுகாப்பானது என்று அறிவித்த கடல்வழிகளிலேயே கப்பல்கள் வெடித்தன. நவம்பர் 18-இல் டச்சுப் பயணிகள் கப்பல் சைமன் பொலிவர் மூழ்கியது. 21-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலின் முதுகெலும்பே முறிந்தது. லண்டன் தேம்ஸ் நதியில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் அதே கப்பல்தான். அதைச் சீர்செய்து மறுபடியும் கடலுக்கு அனுப்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. அறுக்க வடம் இல்லாத ஏதோ ஒன்று கடலடியில் கிடக்கிறது என்பது புரிந்தது. அது எதை உணர்ந்து வெடிக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லத்தான் ஆள் இல்லை. காந்தமாக இருக்கலாம் என்று பிரிட்டிஷ் கடற்படை சந்தேகித்ததற்குக் காரணம் உண்டு. 1918-இல் அவர்களே அப்படி ஒன்றைச் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் எதிரியின் வெடி எவ்வளவு நுட்பமானது, எந்தத் திசைக் காந்தத்துக்கு அசையும் என்பது தெரியாமல் மாற்று தேட முடியாது.

சுருக்கமாக: பழைய வெடி கப்பல் முட்டினால்தான் வெடிக்கும், வடத்தை அறுத்தால் கையில் கிடைக்கும். புதியது முட்டாமலே வெடித்தது, வடமும் இல்லை.

தோசைக்கல்லும் திசைகாட்டியும்

கைபேசியில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து மேஜையில் வையுங்கள். இரும்புத் தோசைக்கல்லை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கல் இன்னும் ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே வடக்கைக் காட்டும் முள் திரும்பத் தொடங்கும். கல் கைபேசியைத் தொடவில்லை, கைபேசியும் கல்லை நோக்கி நகரவில்லை. பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் கொஞ்சம் மாறியது, முள் அதைச் சொன்னது. நடந்தது அவ்வளவுதான். காந்தப்புலம் என்பது ஒரு காந்தத்தின் விசை எட்டும் பரப்பு. நாம் நிற்கும் இடமெல்லாம் பூமியின் புலத்துக்குள்தான் இருக்கிறது.

கப்பல் ஒரு மிகப் பெரிய தோசைக்கல். அந்தக் காலத்தில் அதைக் கட்டும்போது ஆயிரக்கணக்கான தறையாணிகளை (ரிவெட்) அடித்து இறுக்கினார்கள். அந்த அடியும் அதிர்வும் மாதக்கணக்கில் நடக்க, பூமியின் காந்தம் எஃகுக்குள் பதிந்துவிடும். அது போதாதென்று, கடலில் போகும்போதும் பூமியின் புலத்தைத் தன் பக்கம் குவித்துக்கொள்கிறது. ஆக, கப்பல் எங்கே போனாலும் அதன் அடியில் உள்ள நீரில் காந்தப்புலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மாறியிருக்கும்.

அந்த மாற்றத்தை அளக்கத்தான் ஜெர்மானியர்கள் வெடிக்குள் ஒரு காந்த ஊசியை வைத்தார்கள். நம் திசைகாட்டி முள் பக்கவாட்டில் சுழலும். இந்த ஊசி மேலும் கீழும் சாயும். காரணம், பூமியின் காந்தம் எல்லா ஊரிலும் படுக்கையாக ஓடுவதில்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் அது கிட்டத்தட்டக் கிடைமட்டம், ஏனென்றால் காந்த நடுக்கோடு அந்த வழியாகத்தான் போகிறது. இங்கிலாந்திலோ அது செங்குத்தாக நிலத்துக்குள் இறங்குவதுபோல இருக்கும். அங்கே கட்டிய கப்பல்களின் அடிப்பக்கம் பெரும்பாலும் காந்த வடமுனையாகப் பதிந்துவிடும். கப்பல் மேலே வந்ததும் கீழ்நோக்கிய புலம் கூடும். ஊசி சாயும். சாய்ந்தால் ஒரு மின்தொடர்பு மூடிக்கொள்ளும். அதுதான் விசை.

கடலடியிலிருந்து வெடிப்பதால் சேதமும் அதிகம். முட்டி வெடிப்பது பக்கவாட்டில் ஓட்டை போடும். அடியில் வெடிப்பதோ ஒரு பெரிய வாயுக் குமிழியைக் கிளப்பிக் கப்பலின் நடுப்பகுதியைத் தூக்கிப் போடும். நடுவில் தூக்கப்பட்டு முனைகள் தொங்கும் கப்பல் தன் எடையாலேயே முறியும். பெல்ஃபாஸ்டுக்கு நேர்ந்தது இதுதான்.

வெடி வெடிக்க மூன்று படிகள்

கண்ணிவெடிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான கிலோ வெடிமருந்து எளிதில் வெடிக்காது. கீழே போட்டாலும் தட்டினாலும் அசையாமல் கிடக்கும் பொருளைத்தான் வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பார்கள். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றும்போதே விபத்தாகிவிடும். அதை எழுப்ப டெட்டனேட்டர் வேண்டும். விரல் அளவே இருக்கும் அதற்குள் மிகச் சிறு தூண்டலுக்கும் வெடிக்கும் மருந்து இருக்கும். அந்தச் சிறு வெடிப்பைப் பெரிதாக்கி முதன்மை மருந்துக்குக் கடத்த, நடுவில் பிரைமர் என்று ஒரு துண்டு மருந்து.

மின்சாரம் டெட்டனேட்டரை எழுப்ப, டெட்டனேட்டர் பிரைமரை எழுப்ப, பிரைமர் மொத்தத்தையும் எழுப்பும். செயலிழக்கச் செய்வது என்றால் இந்த வரிசையை நடுவில் உடைப்பது. டெட்டனேட்டரைக் கழற்றி அப்பால் கொண்டுபோய்விட்டால் மீதி பெரும்பாலும் வெறும் பாரம். சினிமாவில் வருகிற 'சிவப்பு வயரா, நீல வயரா' என்ற தவிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வயரை வெட்டுவதையே தூண்டலாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு வெடியை அமைக்க முடியும். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது, எதை முதலில் தொடலாம் என்பது தெரியாத வரை கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு உறுப்பையும் தெரிந்துகொள்வோம். நீரழுத்த ஸ்விட்ச். வெடி போதிய ஆழம் இறங்கி, மேலுள்ள நீரின் எடை அழுத்தினால்தான் இது மூடும். அதுவரை காந்த ஊசி சாய்ந்தாலும் மின்சாரம் ஓடாது. வெடியைப் போடுகிறவனுக்கு அது பாதுகாப்பு.

ஷூபரினஸ் சேற்றில்

1939 நவம்பர் 22 இரவு, தேம்ஸ் கழிமுகத்தில் ஷூபரினஸ் கரைக்கு அருகே ஒரு ஜெர்மானிய விமானம் பாராசூட்டில் எதையோ போடுவதைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அது விழுந்த இடம் ஆழமில்லாத சேற்றுத் திட்டு. கடல் வற்றியதும் அந்தப் பொருள் வெளியே தெரிந்தது. ஏறக்குறைய 7 அடி நீளம், 2 அடி குறுக்களவு, அலுமினிய உருளை.

நள்ளிரவு தாண்டி லண்டனிலிருந்து லெப்டினன்ட் கமாண்டர் ஜான் ஊவ்ரியும் ரோஜர் லூயிஸும் வந்து சேர்ந்தார்கள். போர்ட்ஸ்மத்தில் இருந்த எச்.எம்.எஸ். வெர்னன் என்ற கண்ணிவெடி, டார்பிடோ பயிற்சி நிலையத்தைச் சேர்ந்தவர் ஊவ்ரி. விடியுமுன் கைவிளக்கு வெளிச்சத்தில் முதல் பார்வை. வெடியின் மேல் அவர்களுக்குத் தெரியாத பொருத்துகள் இருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி அவர்கள் கையில் இல்லை. ஒரு பொருத்தின் அச்சைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, கடல் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பினார்கள். அந்த அச்சைப் பார்த்து அங்கிருந்த பட்டறையில் பித்தளையில் ஒரு ஸ்பேனர் செய்து கொடுத்தார்கள். பித்தளை காந்தத்தை அசைக்காது. எஃகு ஸ்பேனர் என்றால் அதுவே ஊசிக்கு ஒரு குட்டிக் கப்பல்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்த பகுதி. பிற்பகலில் கடல் மறுபடி வற்றியதும் நால்வர் சேற்றில் இறங்கினார்கள். ஊவ்ரியும் சீஃப் பெட்டி ஆஃபீசர் (அதிகாரி அல்லாத மூத்த மாலுமி) பால்ட்வினும் வெடியருகே போனார்கள். லூயிஸும் ஏபிள் சீமன் (மாலுமி) வெர்ன்கோமும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். எந்தப் பொருத்தை எந்த வரிசையில் தொடப்போகிறோம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வெடித்துவிட்டால், கடைசியாக எதைத் தொட்டார்கள் என்பது தூரத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வெடிக்குப் போகிறவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

பித்தளை ஸ்பேனர் பொருந்தியது. ஒரு டெட்டனேட்டரையும் பிரைமரையும் வெளியே எடுத்தார்கள். வெடி சேற்றில் புதைந்திருந்ததால் அதன் மறுபக்கம் தெரியவில்லை. லூயிஸும் வெர்ன்கோமும் வந்து கைகொடுக்க, நால்வருமாக அதைப் புரட்டினார்கள். அடியில் இருந்த பொருத்துகளையும் ஊவ்ரி ஒவ்வொன்றாகக் கழற்ற, அங்கேயும் ஒரு டெட்டனேட்டர் கிடைத்தது. அன்றிரவே அவர்கள் லண்டனில் கடற்படைத் தலைமையகத்தில் விவரம் சொன்னார்கள். அப்போது அதன் அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். வெடி போர்ட்ஸ்மத்துக்குப் போனது, உள்ளே இருந்த பொறியமைப்பை இயற்பியலாளர் ஏ.பி. வுட்டும் மற்றவர்களும் பிரித்து ஆராய்ந்தார்கள்.

இந்தச் செயலை 'ஒரு குண்டைச் செயலிழக்கச் செய்தார்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆபத்தை நீக்குவது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால், ஆளில்லாத சேற்றில் கிடந்ததைத் தூரத்திலிருந்தே வெடிக்க வைத்திருக்கலாம், ஒருவரும் அருகே போக வேண்டியதில்லை. முழுசாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் போனார்கள்.

திறந்து பார்த்ததன் பலன்

ஊசி வடமுனை கீழ்நோக்கி வரும்போது மட்டுமே அசையும் என்பது தெரிந்தது. எவ்வளவு மாற்றத்துக்கு அசையும் என்பதும் தெரிந்தது. அது போதும். கப்பலைச் சுற்றி மின்கம்பிச் சுருளைக் கட்டி, அதில் மின்சாரம் ஓடவிட்டு, கப்பலின் காந்தத்துக்கு எதிரான காந்தத்தை உண்டாக்கினார்கள். ஊசிக்குக் கப்பல் இருப்பதே தெரியாது. காந்த அளவுக்கு அப்போது வழங்கிய 'காஸ்' என்ற அலகிலிருந்து இதற்கு டீகாஸிங் என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் கனடாவில் பிறந்த கடற்படை அதிகாரி சார்லஸ் குட்ஈவ். சுருள் கட்ட நேரமில்லாத சிறு கப்பல்களுக்கு, கனமான மின்கம்பியைப் பக்கவாட்டில் ஒருமுறை தேய்த்து எடுத்துப் பதிந்த காந்தத்தைத் தற்காலிகமாகக் குறைத்தார்கள். 1940-இல் பிரான்ஸில் சிக்கிய படையினரை மீட்க டன்கர்க்குக்குப் போன பல கப்பல்கள் இப்படித் துடைக்கப்பட்டவை.

வாரவும் வழி பிறந்தது. இரண்டு கப்பல்கள் மிதக்கும் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு, கடல்நீரிலேயே மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்திப் போலிக் காந்தப்புலத்தை உண்டாக்கி வெடிகளைத் தள்ளி நின்றே வெடிக்க வைத்தன. வெல்லிங்டன் விமானத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் குறுக்களவுள்ள வளையத்தைப் பொருத்திக் கடலை ஒட்டிப் பறந்தும் அதையே செய்தார்கள்.

ஜெர்மானியர்களும் சும்மா இருக்கவில்லை. திறப்பவரைக் கொல்வதற்கென்றே உள்ளே பொறிகளை வைக்கத் தொடங்கினார்கள். 1940 ஆகஸ்ட் 6 அன்று வெர்னன் நிலையத்திலேயே ஒரு வெடியைப் பிரிக்கும்போது அது வெடித்து, ஓர் அதிகாரியும் நான்கு மாலுமிகளும் இறந்தார்கள். பிறகு கப்பலின் ஒலிக்கு வெடிப்பவை வந்தன, 1944-இல் கப்பல் கடக்கும்போது மாறும் நீரழுத்தத்துக்கு வெடிப்பவையும் வந்தன. ஒவ்வொரு புது வகைக்கும் யாரோ ஒருவர் முதல் ஆளாகப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

சுருக்கமாக: வெடியை அழிப்பது ஒரு வேலை. அதைத் திறந்து படிப்பது வேறு வேலை, ஆபத்தும் பலனும் அதில்தான் அதிகம்.

கடல் வெடி ஊருக்குள் விழுந்தபோது

1940 செப்டம்பரிலிருந்து ஜெர்மானிய விமானங்கள் இதே கண்ணிவெடிகளை லண்டன் மீதும் மற்ற நகரங்கள் மீதும் போட்டன. பாராசூட்டில் மெதுவாக இறங்குவதால் வெடி மண்ணுக்குள் புதையாது. தரைமட்டத்திலேயே வெடித்துத் தெருக்களைச் சரித்துவிடும்.

அப்போது பிரிட்டனில் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. விமானக் குண்டு என்றால் ராணுவப் பொறியாளர் படை. கண்ணிவெடி என்றால், எங்கே விழுந்தாலும், கடற்படை. அதன் உள்ளமைப்பு தெரிந்தவர்கள் அவர்கள்தான். தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இது.

தரையில் கிடக்கும் வெடியில் காந்த ஊசியைவிட ஒரு கடிகாரம்தான் பெரிய பயம். நீரில் விழாமல் தரையில் விழுந்தால் ரகசியம் எதிரி கையில் சிக்கிவிடும் அல்லவா? அதற்காக, விழுந்த அதிர்ச்சியில் ஓடத் தொடங்கி ஏறக்குறைய 17 விநாடியில் வெடிக்க வைக்கும் கடிகாரப் பொறியைப் பொருத்தியிருந்தார்கள். ஆழ்நீரில் விழுந்தால் நீரழுத்தம் அதை நிறுத்திவிடும். பிரச்சினை, சில கடிகாரங்கள் பாதி ஓடிச் சிக்கிக்கொண்டதில். லாரி போகும் அதிர்வுக்கோ, கை பட்டோ அது மறுபடி ஓடலாம். மீதி எத்தனை விநாடி என்பது யாருக்கும் தெரியாது.

1940 செப்டம்பர் 21 அன்று டேகனத்தில் ஒரு கிடங்குக்குள் பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்த வெடியிடம் லெப்டினன்ட் கமாண்டர் ரிச்சர்ட் ரயனும் சீஃப் பெட்டி ஆஃபீசர் ரெஜினால்ட் எலிங்வொர்த்தும் போனார்கள். அது வெடித்து இருவரும் இறந்தார்கள். அக்டோபர் 17 அன்று லண்டன் ஷோர்டிச்சில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துத் தொங்கிய வெடியில் சப் லெப்டினன்ட் ஜாக் ஈஸ்டன் வேலையைத் தொடங்கிய சற்று நேரத்தில் வெடி நழுவியது, கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. உதவிக்கு வந்திருந்த மாலுமி பென்னட் சவுத்வெல்லிடம் கத்திவிட்டு ஓடினார். ஈஸ்டன் ஒரு பதுங்கிடத்தின் மறைவில் இடிபாடுகளுக்குள் புதைந்து, எலும்புகள் நொறுங்கி உயிர் பிழைத்தார். தெருவில் ஓடிய சவுத்வெல் இறந்தார். அவர் உடல் கிடைக்கவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது.

நவம்பர் கடைசியில் லிவர்பூல் கார்ஸ்டனில் நடந்தது வேறு மாதிரி. எரிவாயுத் தொட்டியின் கூரையைத் துளைத்து உள்ளே போன வெடி, நாற்றமெடுத்த தண்ணீரில் தலைகுப்புற, ஒரு தூணில் சாய்ந்து நின்றது. சுற்றியிருந்த ஏறக்குறைய 6,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். லெப்டினன்ட் ஹெரால்ட் நியூகாஸ் தனியாக உள்ளே போனார். மூச்சுவிட ஆறு ஆக்சிஜன் உருளைகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். முதல் உருளையில் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவதில் கருவிகளைக் கீழே இறக்கினார். மூன்றாவதில் மணல் மூட்டைகளை அண்டக் கொடுத்து, வெடியை அந்தத் தூணோடு கட்டினார். அதுவரை அவர் வெடியின் உள்ளுறுப்பு எதையும் கழற்றவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயத்தத்துக்கே போயிருந்தது. மீதி உருளைகளில்தான் வெடியைத் திருப்பி ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்தார்.

எந்தப் பதக்கம், ஏன்

இவர்களுக்குப் பிரிட்டனின் உயரிய வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் ஏன் தரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. விக்டோரியா கிராஸ் எதிரியின் நேருக்கு நேர் காட்டிய வீரத்துக்கு. கிடங்கில் தொங்கும் வெடியின் முன்னால் எதிரி நிற்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1940 செப்டம்பர் 24 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் கிராஸைத் தோற்றுவித்தார். அது பொதுமக்களுக்கும் உண்டு, எதிரி முன்னில்லாத வேளையில் துணிந்த படையினருக்கும் உண்டு. தகுதியில் விக்டோரியா கிராஸுக்குக் குறைந்ததல்ல. ரயன், எலிங்வொர்த், ஈஸ்டன், சவுத்வெல், நியூகாஸ் ஐவரும் பெற்றது இதைத்தான். அவர்களில் மூவருக்கு மறைவுக்குப் பின்.

ஊவ்ரி காலத்தில் ஜார்ஜ் கிராஸ் கிடையாது. 1939 டிசம்பரில் மன்னரே வெர்னன் நிலையத்துக்கு வந்து பதக்கம் அணிவித்தார். ஊவ்ரிக்கும் லூயிஸுக்கும் டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்), பால்ட்வினுக்கும் வெர்ன்கோமுக்கும் டி.எஸ்.எம். (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்). ஒரே சேற்றில், ஒரே வெடியைப் புரட்டியவர்களுக்கு வேறு வேறு பதக்கம் ஏன் என்றால், முன்னது அதிகாரிகளுக்கு, பின்னது அவர்களுக்குக் கீழ்நிலையில் உள்ளவர்களுக்கு. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. பால்ட்வின் நின்ற இடமும் ஊவ்ரி நின்ற இடமும் ஒன்றுதான். ஜார்ஜ் கிராஸில் அந்தப் பாகுபாடு முதலிலிருந்தே இல்லை. அதனால்தான் ஷோர்டிச் வீட்டுக்குப் போன அதிகாரி ஈஸ்டனுக்கும் கடைநிலை மாலுமி சவுத்வெல்லுக்கும் ஒரே பதக்கம் கிடைத்தது. மற்ற பதக்கங்களில் அது நீங்க 1993 வரை ஆனது. அந்த ஆண்டு டி.எஸ்.எம். நிறுத்தப்பட்டு, அதிகாரிகளுக்கு மட்டுமே இருந்த டி.எஸ்.சி. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்) எல்லாப் படிநிலையினருக்கும் பொதுவாக்கப்பட்டது.